அடுத்த ஸ்கிராட்ச் எப்போது வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் பள்ளி விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் என்னும் நிரலாக்க மென்பொருளைக் கற்றுத்தரும் தொண்டூழியர்களைப் பெற்றோரும் மாணவர்களும் சூழ்ந்துகொண்டு கேட்கும் கேள்விகள், பெரும்பாலும் இன்னும் வராத ஒரு பதிப்பைப் பற்றியே இருக்கின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பக்கம்.

அடுத்த பெரிய பதிப்பு எப்போது வரும்?

ஸ்கிராட்ச் குழு தன் சொந்த இணையத்தளத்தில் ஒரு தேதியை அறிவித்தால் அதுவே தேதி. மற்ற இடங்களில் காணப்படும் "4.0" திரைக்காட்சிப் படங்களும் காணொளிகளும் ஆர்வலர்கள் கற்பனையில் வரைந்தவை, அவற்றில் சில மிக அழகாக இருக்கின்றன என்பதற்காக அவை உண்மையாகிவிடாது.

முந்தைய இடைவெளிகளை வைத்துக் கணக்குப் போட முயலும் மாணவர்களும் உண்டு. 1.4 பதிப்பு 2009 ஜூலையில் வந்தது. 2.0 பதிப்பு 2013 மே மாதத்தில் வந்தது. 3.0 பதிப்பு 2019 ஜனவரி 2ஆம் தேதி வந்தது. முதல் இடைவெளி நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல். இரண்டே இடைவெளிகளை வைத்து மூன்றாவதைக் கணிப்பது கணிதம் ஆகாது என்பதைத் தொடக்கநிலை 5 மாணவரே ஒப்புக்கொள்வார்.

ஸ்கிராட்ச் என்பது என்ன? அதற்காக என் பிள்ளை ஏன் இவ்வளவு தவிக்கிறான்?

அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் ஆய்வுக்கூடத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி, 2007ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு வெளியிட்ட நிரலாக்க மென்பொருள் இது. எட்டு முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், வண்ணக் கட்டைகளாக இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் ஓடும். சிங்கப்பூரில் கல்வி அமைச்சும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் இணைந்து நடத்தும் "கோட் ஃபார் ஃபன்" திட்டம், 2020 முதல் தொடக்கப்பள்ளி உயர்வகுப்பு மாணவர் அனைவருக்கும் உரியதாக விரிவுபடுத்தப்பட்டது. கட்டைகளைப் பொருத்தி நிரல் எழுதும் முறையை நம் பிள்ளைகளில் பலர் முதன்முதலில் சந்திப்பது அங்கேதான்.

தவிப்புக்கான காரணம் எளியது. ஒரு விளையாட்டை வாங்கி விளையாடும் பிள்ளைக்கு அடுத்த பதிப்பு ஒரு புதுப்பொருள் மட்டுமே. ஸ்கிராட்சில் தானே விளையாட்டை உருவாக்கும் பிள்ளையோ, மனத்தில் முழுமையாக முடித்துவிட்ட ஒன்றை, ஒரே ஒரு கட்டளை இல்லாத காரணத்தால் திரையில் முடிக்க முடியாமல் நிற்கிறான். அவனுடைய பொறுமையின்மையைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தான் செய்ய நினைப்பது எது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது.

வெளியே பார்க்கும்போது ஸ்கிராட்ச் அதே பூனை உருவம், அதே கட்டைகள், படைப்பு ஓடிக் காட்டும் அதே மேடை என்று தொடர்வதாகத் தெரிகிறது. உள்ளே அப்படி இல்லை. 1.4 வரையிலான பதிப்புகள் ஸ்க்வீக் என்னும் ஸ்மால்டாக் வகை மொழியில் எழுதப்பட்டவை. 2.0 பதிப்பு உலாவிக்குள்ளேயே இயங்க வேண்டும் என்பதற்காக உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய அடோபி ஃபிளாஷ் மென்பொருளுக்கு உரிய ஆக்ஷன்ஸ்கிரிப்ட் மொழியில் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 3.0 பதிப்பு ஜாவாஸ்கிரிப்டில் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டது. ஆக, "புதுப்பிப்பு" என்று நாம் சொல்வது இரண்டு முறையும் ஒரு முழு மறு உருவாக்கமாகவே இருந்திருக்கிறது.

அதைவிடக் கடினமானது பழைய படைப்புகளைக் காப்பாற்றுவது. உலகெங்கும் பிள்ளைகள் பகிர்ந்துள்ள கோடிக்கணக்கான படைப்புகள் புதிய பதிப்பிலும் திறக்க வேண்டும், திறந்தால் மட்டும் போதாது, முன்பு ஓடியது போலவே ஓட வேண்டும். குடியிருப்போர் யாரையும் வெளியேற்றாமல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி ஒன்றில் மின்தூக்கி மேம்பாட்டுப் பணியை நடத்துவதைப் போன்ற வேலை இது. சத்தம் கேட்கும், தூசி பறக்கும், ஆனால் எட்டாம் மாடிப் பாட்டி அன்றும் சந்தைக்குப் போய் வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாணவர்கள் அதிகம் விரும்பும் மாற்றங்களில் ஒன்று, ஸ்கிராட்ச் நொடிக்கு 30 முறைக்குப் பதிலாக 60 முறை திரையைப் புதுப்பிக்க வேண்டும் என்பது. அசைவுகள் வழுக்கிக்கொண்டு போவது போல் இருக்கும் என்பது உண்மைதான். இப்போது ஒரு பிள்ளை, "எப்போதும்" என்னும் சுழற்சிக்குள் "10 அடி நகர்" என்ற கட்டையை வைத்திருக்கிறாள் என்று கொள்வோம் (இங்கே அடி என்பது மேடையில் நகரும் சிறு அலகு). திரையில் அசைவு இருக்கும்போது சுழற்சியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திரைப் புதுப்பிப்பு என்பது ஸ்கிராட்சின் நடைமுறை என்பதால், அவளுடைய பூனை நொடிக்கு 300 அடி நகரும். மேடையின் மொத்த அகலம் 480 அடி. நொடிக்கு 60 முறை என்று மாற்றினால் அதே பூனை நொடிக்கு 600 அடி பாயும். ஒரு நொடிக்குள் மேடையின் மறுமுனையைத் தாண்டிவிடும். அவள் ஒரு கட்டையைக்கூட மாற்றவில்லை, ஆனால் அவள் செய்த விளையாட்டை இனி யாரும் விளையாட முடியாது. அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கலாம், திரும்பி வந்து அதைச் சரிசெய்யப் போவதில்லை.

புதிய வசதியைக் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் எதிரே, பழையது கெடக் கூடாது என்று பேச ஆளில்லாத பல்லாயிரம் படைப்புகள் நிற்கின்றன. காலம் பெரும்பாலும் அங்கேதான் செலவாகிறது. காத்திருப்போரின் கண்ணுக்கு அந்த வேலை தெரியாது. சரியாகச் செய்யப்பட்டால் பிறகும் தெரியாது.

பிள்ளைகளின் பெற்றோரில் கணினித் துறையினர் பலர் இருப்பதால் இன்னொன்றையும் நினைவூட்டலாம். பைத்தான் மொழியின் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். பைத்தான் 2க்கான ஆதரவை 2015இல் நிறுத்துவதாக இருந்த திட்டம் பிறகு 2020க்குத் தள்ளிப்போடப்பட்டது. பெரியவர்களின் நிறுவனங்களுக்கே மாறுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் தேவைப்பட்ட இடத்தில், பத்து வயதுப் பிள்ளையிடம் "உன் பழைய விளையாட்டை நீயே மாற்றி எழுதிக்கொள்" என்று சொல்ல முடியாது.

கூடுதல் ஆள்களைச் சேர்த்தால் வேகமாக முடிக்கலாமே?

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயக்க முறைமைப் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975இல் எழுதினார். புதியவர்களுக்குப் பழையவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கற்றுத்தர வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 10. பத்துப் பேர் ஆனால் அது 45.

3.0 பதிப்புக்கான காத்திருப்பு எப்படி இருந்தது?

அதை நேரில் கண்ட ஆசிரியர்கள் இன்னும் மறக்கவில்லை. 2.0 பதிப்பு ஃபிளாஷில் இயங்கியது; ஐபேட் கருவியில் ஃபிளாஷ் இயங்காது. வீட்டில் இருப்பது கைக்கணினி மட்டுமே என்ற குடும்பங்களில், வகுப்பில் பாதி செய்த படைப்பைப் பிள்ளை வீட்டில் தொடர வழியில்லாமல் போனது. 2016 மே மாதம் எம்ஐடி குழுவும் கூகுளும் இணைந்து புதிய தலைமுறைக் கட்டைகளை உருவாக்குவதாக அறிவித்தபோதே, அடுத்த விடுமுறைக்குள் வந்துவிடும் என்று பலர் நம்பினர்.

2017 ஜூலையில் நிலைமை இறுகியது. 2020 இறுதியுடன் ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தப் போவதாக அடோபி அறிவித்தது. அதுவரை "வந்தால் நன்றாக இருக்கும்" என்றிருந்த பதிப்பு, "வராவிட்டால் எல்லாம் நின்றுபோகும்" என்ற நிலைக்கு வந்தது. பயனர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான பீட்டா பதிப்பு 2018 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. முழுப் பதிப்பு அடுத்த ஜனவரியில் வந்தது. கெடு முடிய ஏறத்தாழ ஈராண்டுகள் மீதம் இருந்தன.

வந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை. அவ்வளவு ஆவலாகக் காத்திருந்தவர்களே, மேடை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்விட்டது என்று முறையிட்டார்கள். 1.4 பதிப்பில் மேடை வலப்பக்கம்தான் இருந்தது, 2013இல் அது இடப்பக்கம் மாறியபோதும் இதே முறையீடு எழுந்தது என்பது பலருக்குத் தெரியவில்லை. பேனாக் கட்டைகளும் இசைக் கட்டைகளும் முதல் பட்டியலிலிருந்து, கூடுதல் கட்டைகளைத் தேவைப்படும்போது சேர்க்கும் நீட்டிப்புகள் பகுதிக்கு மாற்றப்பட்டதால், அவை நீக்கப்பட்டுவிட்டன என்று நினைத்துக் கலங்கிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவற்றைத் திரும்ப எடுக்க, திரையின் கீழ் இடது மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் போதும்.

புதிய பதிப்பு வரும்வரை பிள்ளையின் வகுப்பைத் தள்ளிப்போடலாமா? பழையதைக் கற்றால் பின்தங்கிவிடுவானோ?

வேண்டாம். இந்த விஷயத்தில் பிறரிடம் பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சும் நம் ஊர் கியாசு மனப்பான்மை தவறான திசையில் இழுக்கிறது. சுழற்சி, நிபந்தனை, மாறி (மதிப்பைச் சேமிக்கும் இடம்), செய்தி அனுப்புதல் ஆகிய அடிப்படைகள் 2007 முதல் இன்றுவரை எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றே. உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று சாதாரண நிலைத் தேர்வில் கணினிப் பாடம் எடுக்கும் மாணவர் அங்கே பைத்தான் மொழியில் எழுதுவார். ஸ்கிராட்சின் எந்தப் பதிப்பில் தொடங்கினார் என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

பீட்டா பதிப்பு திறக்கப்பட்டால் அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும், ஆனால் நகலை வைத்து மட்டும். ஸ்கிராட்ச் கோப்புகளின் வடிவம் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் மாறியிருக்கிறது. புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. 3.0இல் சேமித்ததை 2.0இல் திறக்க முயன்று ஏமாந்தவர்கள் அநேகர். ஆகவே மூலக் கோப்பைத் தனியாக ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு, அதன் நகலை மட்டும் பீட்டாவில் திறக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய படைப்பை பீட்டாவில் செய்யக் கூடாது.

குழுவினரிடம் "எப்போது வரும்?" என்று எழுதிக் கேட்டால் பயன் உண்டா?

அந்தக் கேள்விக்குப் பயன் இல்லை. ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொன்றையும் படிப்பதற்குச் செலவாகும் நேரமும் வேலைநேரத்திலிருந்தே போகிறது. 3.0 பதிப்பின் மூலநிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்த நிலையில் இருப்பதால், பணியின் நகர்வைப் பெரியவர்கள் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பயனுள்ள கடிதம் வேறு மாதிரி இருக்கும். "என் விளையாட்டு ஓடவில்லை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கணினி, எந்த உலாவி, அதன் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டையை அழுத்தியபோது என்ன நடந்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்று எழுதி, தொடர்பில்லாத உருவங்களையும் கட்டைகளையும் நீக்கிவிட்டுப் பிழை தெரியும் அளவுக்கு மட்டும் சுருக்கிய படைப்பை இணைத்தால் அது உண்மையான உதவி. சுருக்கும் வேலையின்போதே பாதிப் பிள்ளைகள் பிழை தங்கள் நிரலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். கடிதத்தில் பள்ளியின் பெயர், தொலைபேசி எண், முழுப் பெயர் ஆகியவை இடம்பெறாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பயனர்கள் குறை சொல்லவே கூடாதா?

சொல்லலாம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நவம்பர், டிசம்பர் விடுமுறைக்கான வகுப்பை ஓர் ஆசிரியர் ஆகஸ்டிலேயே திட்டமிட்டாக வேண்டும். கையேடு அச்சிட்டாக வேண்டும். கணினி அறையைப் பதிவு செய்தாக வேண்டும். அவருக்கு "விரைவில்" என்ற சொல் எந்த உதவியும் செய்யாது. "இந்த ஆண்டு வராது" என்று எந்த மென்பொருள் குழுவாவது துணிந்து சொன்னால், அந்த ஏமாற்றத்தை ஓர் இரவில் கடந்துவிட்டுப் பழைய பதிப்பிலேயே நல்ல வகுப்பு நடத்தலாம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் பயனர்கள்கூட மௌனத்தைப் பொறுப்பதில்லை. அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

டர்போவார்ப் போன்ற மாற்று மென்பொருள்களுக்குப் போய்விடலாமா?

போகலாம், தெரிந்துகொண்டு போக வேண்டும். டர்போவார்ப் என்பது ஸ்கிராட்ச் படைப்புகளைப் பல மடங்கு வேகமாக ஓட்டும் திறந்த மூல மென்பொருள். மேலே சொன்ன 60 முறைப் புதுப்பிப்பை அதில் ஒரு சொடுக்கில் இயக்கலாம். பூனை இரட்டை வேகத்தில் ஓடுவதையும் அங்கேயே கண்ணால் பார்க்கலாம். ஆனால் அதற்கே உரிய நீட்டிப்புகளைப் பயன்படுத்திச் செய்த படைப்பு, ஸ்கிராட்ச் தளத்தில் பதிவேற்றினால் ஓடாது.

பொறுமையின்மைக்கு ஒரு நல்ல மரபும் உண்டு. 1.4 பதிப்பில் புதிய கட்டைகளைப் பயனரே உருவாக்கும் வசதி இல்லை. அந்தக் காத்திருப்பைச் சகிக்காத நிரலாளர் யென்ஸ் மோனிக், ஸ்கிராட்சின் மூலநிரலையே எடுத்து, சொந்தக் கட்டைகளை உருவாக்க வழிசெய்யும் பிஒய்ஓபி என்ற மென்பொருளைச் செய்தார். பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஹார்வி அவருடன் சேர்ந்தார். அதுவே பின்னர் ஸ்னாப் என்ற பெயரில் வளர்ந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கே அதில் பாடம் நடத்தினார்கள். சொந்தக் கட்டைகள் ஸ்கிராட்சுக்குள் வந்தது 2.0 பதிப்பில்தான். (பழைய 1.4 பதிப்பு யாரிடமாவது இருந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திரையின் மேலே உள்ள ஸ்கிராட்ச் பெயரின் ஆர் எழுத்து வளைவுக்குள் சொடுக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் ஸ்க்வீக் உலகத்துக்கான கதவு அங்கே இருக்கிறது.)

காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

இல்லாத வசதியை இருக்கும் கட்டைகளைக் கொண்டே செய்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக்களம் மேக மாறிகள். இணையத்தில் சேமிக்கப்படும் இந்த மாறிகளில் எண்களை மட்டுமே வைக்க முடியும், ஒன்றில் 256 இலக்கங்கள்வரை. அதிக மதிப்பெண் பெற்றவரின் பெயரையும் சேமிக்க வேண்டுமானால்? எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது எழுத்துகளாக்குவது என்ற வழியைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு இரண்டு இலக்கம் போதும்.

தமிழில் இதையே செய்யச் சொன்னால் கணக்கு சுவையாகிறது. தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியில் படித்த பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கம் தேவை என்று சொல்வாள். ஆனால் கணினி "மி" என்பதை ஓர் எழுத்தாகச் சேமிப்பதில்லை. "ம" ஒரு குறியாகவும் இகரத்தின் மேல்விலங்கு இன்னொரு குறியாகவும் இருக்கின்றன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறி முறையில், தமிழ்ப் பெயர்களை எழுதத் தேவையான குறிகள் நூறுக்கும் குறைவு என்பதால் குறி ஒன்றுக்கு இரண்டு இலக்கம் போதும். எந்த முறை சிக்கனமானது? "தமிழ்" என்ற சொல்லுக்கு எழுத்துவாரியாக எண்ணினால் 9 இலக்கங்கள். குறிவாரியாக எண்ணினால் 10. "அமலா" என்ற பெயருக்கோ எழுத்துவாரியாக 9, குறிவாரியாக 8. வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் இரண்டு முறையிலும் மாற்றிப் பார்த்து, எந்த வகைப் பெயர்களுக்கு எது பொருந்தும் என்று பிள்ளையே கண்டறியட்டும். மேக மாறிகளைப் புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள் பயன்படுத்த முடியாது. அவர்கள் இதே பயிற்சியைச் சாதாரண மாறியில் செய்யலாம். இதைக் கொண்டு அரட்டை அறை அமைப்பது தளத்தின் விதிகளுக்கு எதிரானது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கணினி பழையது. புதிய பதிப்பு அதில் ஓடுமா?

3.0 பதிப்பு குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி உலாவிகளில் ஓடுகிறது; இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓடாது. கைபேசியில் படைப்புகளைப் பார்க்கலாம், திருத்த முடியாது. ஐபேட் கருவியில் உலாவி வழியாகவே பயன்படுத்த வேண்டும். அடுத்த பதிப்புக்காக என்று இப்போதே புதுக்கணினி வாங்க வேண்டாம்.

புதிய பதிப்பு வெளியாகும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

முந்தைய நாளே பிள்ளையின் முக்கியமான படைப்புகளைக் கணினியில் இறக்கிச் சேமித்துவிடுங்கள். வெளியீட்டு நாளில் தளம் திணறலாம். 2013இல் 2.0 பதிப்புக்கு மாறியபோது தளமே சில நாள்கள் மூடப்பட்டிருந்தது. கணினியில் நிறுவிக்கொள்ளும் ஆஃப்லைன் பதிப்பு அப்போது சில மாதங்கள் கழித்தே வந்தது. ஆகவே அந்த வாரத்தில் வகுப்பு நடத்தும் தொண்டூழியர்கள் பழைய ஆஃப்லைன் பதிப்பைக் கணினிகளிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதும், பழைய கையேட்டையே பயன்படுத்துவதும் நல்லது. பிள்ளைகள் அதற்குள் புதியதைத் திறந்து பார்த்திருப்பார்கள். மேடை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.